ஒற்றைச் செல்லின் நீளம்: கரிசல் பருத்தியும் செல்லுக்குள் இருக்கும் சட்டகமும்

பருத்தி வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பார். கொட்டையிலிருந்து சில இழைகளைப் பிரித்து, இரண்டு கைவிரல்களாலும் மெல்ல இழுத்து நேராக்கி, நீளத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் இதே அளவைக் கருவி எடுக்கிறது. நீளம், வலிமை, முதிர்ச்சி என்று மூன்று எண்களாக அது வெளியே வரும். கருவியானாலும் கண்ணானாலும் அளக்கப்படுவது ஒன்றுதான். ஒவ்வொரு பஞ்சிழையும் ஒரு தனிச் செல். பல செல்கள் சங்கிலியாய்க் கோத்து வந்ததல்ல. விதைத்தோலின் மேற்புறத்தில் இருந்த ஒரே ஒரு செல், அறுபடாமல், பிரியாமல், இரண்டரை மூன்று சென்டிமீட்டர் நீண்டு நின்ற பிறகு உலர்ந்துபோன மிச்சம்.

உயிரியலில் இது சாதாரண விஷயமல்ல. செல்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, ஐம்பதில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பருத்தி இழை தன் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீள்கிறது. அகலமோ ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. உள்ளே நீர் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகவே தள்ளுகிறது. அப்படியிருக்க, செல் ஏன் உருண்டையாக ஊதவில்லை? நீளவாட்டில் மட்டும் போகச் சொன்னது எது?

செல் சட்டகம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் புரத இழைகளின் வலைதான் இதற்கு விடை. சட்டகம் என்றதும் வீட்டுக்கு உத்தரம்போல, உடம்புக்கு எலும்புபோல அசையாமல் நிற்கும் ஒன்று நினைவுக்கு வரும். செல்லுக்குள் இருப்பது அப்படிப்பட்டதல்ல. அது நிமிடத்துக்கு நிமிடம் கட்டப்படுகிறது, கலைகிறது, வேறு திசையில் மறுபடி கட்டப்படுகிறது. கலையக்கூடியதாக இருப்பதனால்தான் அதனால் வேலை செய்ய முடிகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் எம்.ரெட்டியபட்டி, மண்டபசாலை, பரளச்சி வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் விளைவதும், அங்கே தெளிக்கப்படுவதும், அங்குள்ள ஆடுகளுக்குப் புகட்டப்படுவதுமே போதும்.

மூன்று வகை இழைகள்

சட்டகத்தில் மூன்று வகை இழைகள் உண்டு. ஆக்டின் இழை மிக மெல்லியது. தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஆக்டின் என்ற உருண்டைப் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இரட்டைப் புரியாக முறுக்கிக்கொண்டு வரும் இழை இது. 1942இல் ஹங்கேரியில் ப்ரூனோ ஸ்ட்ராப் இதைத் தசையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார். அப்போது இதைத் தசைக்கு மட்டுமே உரிய புரதம் என்று கருதினார்கள். இப்போது பூஞ்சை, செடி, புழு, மனிதர் என எல்லாவற்றின் செல்களிலும் இது இருப்பது தெரியும்.

நுண்குழல் இவற்றில் தடித்தது. வெளி விட்டம் 25 நானோமீட்டர். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்ந்து 8 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு கட்டையாகின்றன. இந்தக் கட்டைகள் தலைக்கு வால் என்று வரிசையாக ஒட்டுகின்றன. அப்படிப் பதின்மூன்று வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து, நடுவில் உள்ளீடற்ற குழலாக வளைகின்றன. தலையும் வாலும் வேறுவேறு என்பதால் குழலுக்குத் திசை உண்டு. ஒரு முனை வேகமாக வளரும், மறுமுனை மெதுவாக. இந்தத் திசையை அறிந்து குழலின்மேல் நடந்து சரக்குகளைச் சுமக்கும் கைனெசின் போன்ற இயக்கப் புரதங்கள் தனியே இருக்கின்றன. ஆக்டின் இழைகளின்மேல் அந்த வேலையைச் செய்வது மையோசின்.

மூன்றாவது வகை இடைநிலை இழை. தடிமன் சுமார் 10 நானோமீட்டர். நம் தோலிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெராட்டின் இந்த இனத்தைச் சேர்ந்தது. மூன்றிலும் உறுதியானது, எளிதில் கலையாதது இதுதான். விலங்குகளின் சைட்டோபிளாசத்தில் பரவியிருக்கும் இந்த இழை செடிகளில் இல்லை. செடி தன் உறுதியைச் செல்லுக்கு வெளியே, செல்லுலோஸ் சுவராகக் கட்டிக்கொள்கிறது. உள்ளே அதற்கு மிஞ்சியிருப்பவை கலையக்கூடிய இரண்டு இழைகள் மட்டுமே. ஆகவே, சட்டகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கச் செடிச் செல் நல்ல இடம். அதிலும் பருத்தி இழை மிக நல்ல இடம். வளரும்போது அது பிரிவதில்லை, நீள்வதும் தடிப்பதும் மட்டுமே அதன் வேலை.

நுண்குழலின் நிலையாமை தெளிவானது 1984இல். அமெரிக்காவில் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் இருவரும், ஒரே கரைசலில் சில குழல்கள் நீண்டுகொண்டிருக்கும்போதே பக்கத்திலுள்ள வேறு குழல்கள் திடீரெனச் சரிந்து குறுகுவதைக் கண்டார்கள். காரணம், ஒவ்வொரு டியூபுலின் கட்டையும் ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் சுமந்து வருகிறது. ஒட்டிய சிறிது நேரத்தில் அது சிதைகிறது. முனையில் சிதையாத புதுக் கட்டைகள் இருக்கும்வரை குழல் நிற்கும். புதியவை வந்து சேர்வதற்குள் சிதைவு முனையை எட்டிவிட்டால், பதின்மூன்று வரிசைகளும் பிரிந்து குழல் கலையும். விலங்குச் செல்லில் ஒரு நுண்குழலின் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். கட்டுவதற்கும் கலைப்பதற்கும் இவ்வளவு ஆற்றலைச் செலவழிக்க ஒரு செல் ஏன் ஒப்புக்கொள்கிறது என்பதற்கான பதிலைப் பருத்திக்காயின் ஐம்பது நாட்களில் பார்க்கலாம்.

பூத்த அன்று தொடங்கும் கணக்கு

இந்தப் பக்கத்து மானாவாரிப் பருத்தி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை வாக்கில் சப்பை வைத்துப் பூக்கும். அப்போது வானத்தில் மழை இருக்காது. கரிசல் மண் பிடித்துவைத்த ஈரம்தான் இருக்கும்.

பூ விரிந்த அன்றே, சூலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சூலின் மேல்தோலிலும் சில செல்கள் புடைக்கின்றன. மேல்தோல் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படி இழையாக மாறும். முதலில் புடைத்தவை நீண்ட பஞ்சாகின்றன. சில நாள் கழித்துப் புடைப்பவை கொட்டையோடு ஒட்டிக்கிடக்கும் குறுமயிராக நின்றுவிடுகின்றன. நீளும் கட்டம், இரகத்தைப் பொறுத்து, இரண்டிலிருந்து மூன்றரை வாரம். வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட நீளும்.

நீள்வதற்கான விசை நீரிலிருந்து வருகிறது. செல்லின் நடுவே பெரிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. சர்க்கரையும் பொட்டாசியமும் அதற்குள் சேரச் சேர, நீர் உள்ளே புகுந்து சுவரைத் தள்ளும். தள்ளும் விசைக்குத் திசை இல்லை. திசையைத் தருவது சுவர். சுவரிலுள்ள செல்லுலோஸ் நுண்ணார்கள் செல்லைச் சுற்றிக் குறுக்காகக் கிடக்கின்றன. நெல்லுப் பட்டறைக்கு வைக்கோல் பிரியை அடுக்கடுக்காகச் சுற்றினால், உள்ளே எவ்வளவு கொட்டினாலும் பக்கவாட்டில் பிதுங்காமல் உயரமாகவே ஏறும் அல்லவா? செல்லும் அதே முறையில் அகலாமல் நீள்கிறது. நுண்ணார்கள் குறுக்காகக் கிடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, சுவருக்கு உட்புறம், செல் சவ்வை ஒட்டிக் கிடக்கும் நுண்குழல்கள். அவையும் அதே குறுக்குத் திசையில்தான் கிடக்கின்றன.

இந்த உறவு முதலில் கண்ணுக்குத் தெரிந்ததல்ல, ஊகத்தில் பிறந்தது. 1962இல் பால் கிரீன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நிட்டெல்லா என்ற நன்னீர்ப் பாசியின் நீண்ட செல்களைக் கால்ச்சிசின் என்ற தாவர நஞ்சில் வைத்தார். அவை நீளும் திசையை இழந்து உருண்டையாக ஊதின. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளைக் குலைப்பது கால்ச்சிசின் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆகவே, அதே வகைப் புரத இழைகள் சுவருக்குக் கீழேயும் இருந்து செல்லுலோஸுக்கு வழிகாட்ட வேண்டும் என்றார் கிரீன். மறு ஆண்டே ஹார்வர்டில் மைரன் லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் வேர்நுனிச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, கிரீன் சொன்ன இடத்திலேயே நுண்குழல்களைக் கண்டார்கள். குழல்களின் திசையும் பக்கத்துச் சுவரிலிருந்த செல்லுலோஸின் திசையும் ஒத்திருந்தன.

ஒத்திருப்பது காரணமாகிவிடாது. அதை உறுதிசெய்ய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடையில் பருத்தியே ஒரு கதவைத் திறந்தது. சுவர் தடிக்கும் கட்டத்தில் பருத்தி இழை கிட்டத்தட்ட செல்லுலோஸைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. ஆகவே அந்த நேரத்தில் எந்த மரபணுக்கள் மும்முரமாக இயங்குகின்றன என்று தேடினால், செல்லுலோஸைத் தயாரிக்கும் நொதியின் மரபணு சிக்க வேண்டும். 1996இல் டெபோரா டெல்மரும் சகாக்களும் அப்படித்தான் அதைப் பிடித்தார்கள். உயர்தாவரங்களில் முதலில் கண்டறியப்பட்ட செல்லுலோஸ் நொதி மரபணுக்கள் பருத்தி இழையிலிருந்து வந்தவை. நொதியின் அடையாளம் தெரிந்ததால் அதற்கு ஒளிரும் புரதத்தை ஒட்டவைக்க முடிந்தது. 2006இல் ஸ்டான்ஃபோர்டில் உள்ள கார்னிகி நிறுவனத்தில் அலெக்ஸ் பாரடெஸ், கிறிஸ் சோமர்வில், டேவிட் எர்ஹார்ட் மூவரும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் நொதிக்கு ஒரு நிறம், நுண்குழலுக்கு ஒரு நிறம் கொடுத்து, உயிருள்ள செல்லில் இரண்டையும் ஒருசேரப் பார்த்தார்கள். நொதித் தொகுதிகள் நிமிடத்துக்குச் சுமார் 300 நானோமீட்டர் வேகத்தில், செல்லுலோஸை வெளியே விட்டுக்கொண்டு, நுண்குழல் கிடக்கும் தடத்திலேயே நகர்ந்தன. குழலின் திசை மாறியபோது அவற்றின் திசையும் மாறியது.

ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது. நொதியை நுண்குழல் இழுப்பதில்லை. நொதி தான் நெய்யும் செல்லுலோஸின் உந்துதலாலேயே முன்னே போகிறது. நுண்குழல் வழியை மட்டும் காட்டுகிறது. குழலை மருந்தால் கலைத்துவிட்டால் செல்லுலோஸ் உற்பத்தி உடனே நின்றுவிடாது, ஒழுங்குதான் போய்விடும். பொருள் இருக்கும், வடிவம் இருக்காது. பருத்தி இழைகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சூலைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் இழை வளர்க்கும் முறையை 1973இல் பீஸ்லியும் டிங்கும் வகுத்தார்கள். அப்படி வளர்ந்த இழைகளில் நுண்குழலைக் குலைத்தபோது செல்லுலோஸ் அடுக்கு திசை தப்பியதை ராபர்ட் சீகல் 1990இல் காட்டினார். ஆக்டினைக் குலைத்தபோது நுண்குழல்களின் வரிசையும் குலைந்தது. இரண்டும் தனித்தனி அமைப்புகளாக இயங்குவதில்லை.

கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு

ஆக்டினின் பங்கு வேறு. நீளும் செல்லுக்குச் சுவர்ப்பொருளும் சவ்வும் ஓயாமல் வேண்டும். அவற்றைச் சிறு பைகளில் சுமந்து கொண்டுசேர்ப்பது ஆக்டின் இழைகளின்மேல் ஓடும் மையோசின். 2005இல் சீன ஆய்வாளர்கள் பருத்தியில் ஒரு ஆக்டின் மரபணுவை ஒடுக்கினார்கள். இழைகள் முளைத்தன, ஆனால் நீளவில்லை.

அப்படியானால் ஆக்டினைக் கூட்டினால் பஞ்சு நீளுமா என்று கேட்கத் தோன்றும். விடை அவ்வளவு எளிதல்ல. ஆக்டின் இழையைக் கலைக்கும் புரதம் ஒன்றை அளவோடு குறைத்தபோது (2009) இழைகள் சற்று நீண்டன, வலிமையும் கூடியது. ஆக்டினைத் தடித்த கட்டுகளாகத் திரளவைக்கும் புரொஃபிலின் ஒன்றை மிகுதியாக்கியபோது (2010) நீளும் கட்டம் சீக்கிரமே முடிந்து, தடிக்கும் கட்டம் முந்திக்கொண்டது, இழை குட்டையாயிற்று. வலுவான சட்டகம் நீண்ட இழையைத் தரும் என்ற எளிய எண்ணத்தை இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து தள்ளிவிடுகின்றன. கட்டும் வேகத்துக்கும் கலைக்கும் வேகத்துக்கும் இடையிலுள்ள அளவுதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒரு திருப்பம் வருகிறது. குறுக்காகக் கிடந்த நுண்குழல்கள் சாய்ந்து, செல்லின் நீளவாட்டுக்கு நெருங்கிய சரிவான சுருளாக மாறுகின்றன. எண்ணிக்கையும் கூடுகிறது. அவற்றைப் பின்பற்றிச் செல்லுலோஸும் சரிவாக, அடுக்கு அடுக்காகப் படிகிறது. குறுக்கு வளையங்கள் இருந்தவரை நீள இடம் இருந்தது. சரிவுச் சுருள் தடித்தபின் நீள வழியில்லை. இழை இப்போது வலுவைச் சேர்க்கிறது. அடுத்த மூன்று நான்கு வாரங்களில் சுவர் தடித்து, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸாகிறது. சுருளின் திசை இழை நெடுகிலும் அங்கங்கே இடமும் வலமுமாக மாறும். காய் வெடித்து, நீர் வற்றி, செல் இறக்கும்போது குழாய் தட்டையாகி, இந்தத் திசைமாற்றங்களின்படி முறுக்கிக்கொள்கிறது. இந்த முறுக்கினால்தான் ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொண்டு நூலாகிறது. நுண்குழல்கள் தங்கள் திசையை மாற்றிக்கொள்ள இயலாதவையாக இருந்திருந்தால் நூற்பதற்கு ஏற்ற பஞ்சு கிடைத்திருக்காது.

மானாவாரிக் காட்டில் மண் ஈரம் வற்றும்போது நேர்வதையும் இதைக்கொண்டு விளக்கலாம். நீளும் வாரங்களில் தண்ணீர் குறைந்தால் உள்ளழுத்தம் குறைந்து இழை குட்டையாகும். தடிக்கும் வாரங்களில் செடி வாடினால் சுவர் மெலிந்த முதிராப் பஞ்சு கிடைக்கும். முதிராப் பஞ்சை ஆலைக்காரர்கள் மைக்ரோனேர் என்ற அளவு எண்ணில் கண்டுபிடிக்கிறார்கள். அது நூலில் சிறு முடிச்சுகளாகத் திரளும்; சாயம் ஏற்றும்போது அங்கங்கே வெளிறித் தெரியும். ஒரே செடியில் முதல் எடுப்புப் பருத்தியும் கடைசி எடுப்புப் பருத்தியும் தரத்தில் வேறுபடுவது, ஒவ்வொரு காயும் தன் வாரங்களை வெவ்வேறு ஈரத்தில் கடந்ததால்தான்.

கருங்கண்ணியின் இருபத்தாறு

கரிசலின் பழைய பருத்தி கருங்கண்ணி. கோசிப்பியம் ஆர்போரியம் என்ற ஆசிய இனத்தைச் சேர்ந்தது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ‘கே’ என்ற எழுத்தில் வெளியிட்ட பருத்தி இரகங்கள் இந்தக் குலத்திலிருந்து தேர்ந்தெடுத்தவை. வறட்சியைத் தாங்கும், சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் எளிதில் மசியாது. ஆனால் இழை நீளம் சுமார் 24 மில்லிமீட்டர்தான். 1968இல் வந்த எம்.சி.யு.5 போன்ற அமெரிக்க இன இரகங்கள் இதைத் தாண்டிவிடும். 1974இல் கோவையிலிருந்து வெளிவந்த சுவின் 38 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும்.

ஆசியப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்திக்கு 52. இந்த இரட்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க உதவியதும் நுண்குழல்தான். செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிக்கின்றன. பிறகு நுண்குழல்களால் ஆன கதிர் ஒன்று தோன்றி அவற்றை இரு பக்கமும் பிரித்து இழுக்கிறது. வேலை முடிந்ததும் கதிர் கலைந்துவிடும். கால்ச்சிசின் கொடுத்தால் கதிர் உருவாகாது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இந்த வழியைச் செடிகளில் காட்டினார்கள். 1940இல் ஜே.ஓ. பீஸ்லி, கருங்கண்ணியின் இனமான ஆர்போரியத்தை அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றோடு சேர்த்துக் கலப்பை எடுத்தார். மலடாக இருந்த அந்தக் கலப்பு, கால்ச்சிசினால் குரோமோசோம் இரட்டித்ததும் விதை கட்டியது; பயிரிடும் அமெரிக்கப் பருத்தியோடும் சேர்ந்தது. பழைய உலகப் பருத்தி ஒன்றும் புதிய உலகப் பருத்தி ஒன்றும் மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கூடியதால் பிறந்ததுதான் அமெரிக்கப் பருத்தி என்பது இதனால் உறுதியாயிற்று.

கால்ச்சிசின் ஐரோப்பியக் கிழங்கொன்றிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. நம் ஊர்ச் செங்காந்தளிலும் அது நிறைய உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான அதை விதைக்காகத் திண்டுக்கல், திருப்பூர் பகுதிகளில் பயிரிடுகிறார்கள். கிழங்கைத் தின்றவர் இறப்பதும், மிகச் சிறிய அளவில் அதே பொருள் கீல்வாத மருந்தாவதும் ஒரே காரணத்தால்: அது டியூபுலினைப் பற்றிக்கொள்கிறது. டியூபுலின் என்ற புரதத்தையே ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது, கதிரியக்கக் கால்ச்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று பார்த்துத்தான் (போரிசியும் டெய்லரும், 1967). ஒட்டியதும் கால்ச்சிசின் ஒளிர்கிறது என்பதை 1974இல் கண்டறிந்த இருவரில் ஒருவரான பவதாரக் பட்டாச்சார்யா, பின்னர் கொல்கத்தா போஸ் நிறுவனத்தில் அந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

ஒரு காட்டில் நான்கு டியூபுலின்கள்

டியூபுலின் பழைய புரதம். பூஞ்சையிலிருந்து மனிதர்வரை அதன் அமினோ அமில வரிசையில் நான்கில் மூன்று பங்கு ஒன்றே. மிச்சமுள்ள சிறு வேறுபாடுகளை மனிதர்கள் ஒரு தொழிலாகவே பயன்படுத்திவருகிறார்கள். மருந்துக்கடைகளிலும் உரக்கடைகளிலும் அதன் அடையாளங்கள் இருக்கின்றன.

பருத்தி விதையைப் பூஞ்சை தாக்காமலிருக்க, கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் கலந்து விதைநேர்த்தி செய்வார்கள். அது பூஞ்சையின் பீட்டா டியூபுலினில் ஒட்டி நுண்குழல் கட்டுவதைத் தடுக்கிறது. பருத்தியின் டியூபுலினில் அது அவ்வளவாக ஒட்டுவதில்லை.

விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, பென்டிமெத்தலின் தெளிப்பார்கள். இது தாவர டியூபுலினைப் பற்றும். விலங்கு டியூபுலினை விட்டுவிடும். மேல்மண்ணில் முளைக்கும் பொடிவிதைக் களைகளின் வேர்நுனியில் செல்கள் பிரிய முடியாமல், நீளவும் முடியாமல், நுனி குமிழாக வீங்கிச் செடி சாகும். நிட்டெல்லாப் பாசியில் கிரீன் கண்ட ஊதலும் இதுவே. பருத்தி விதை மருந்துப் படலத்துக்குக் கீழே ஊன்றப்படுவதால் தப்பிக்கிறது. கிழங்கிலிருந்து துளிர்க்கும் கோரையும் இதற்கு அடங்குவதில்லை, அதற்குக் கைக்களைதான்.

ஆட்டுக்குக் குடற்புழு நீக்கப் புகட்டும் அல்பென்டசோல், கார்பென்டசிமின் நெருங்கிய உறவு. அது புழுவின் பீட்டா டியூபுலினைப் பிடிக்கிறது. புழுவின் குடல் செல்கள் உணவை உறிஞ்ச முடியாமல் போகின்றன. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதே மாத்திரை.

நான்காவது, மனித டியூபுலின். ஆடுமாடு வாய்வைக்காத நித்தியகல்யாணி தென்மாவட்ட மானாவாரி நிலங்கள் சிலவற்றில் பயிராகிறது. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதன் உறவான வின்கிரிஸ்டின் பின்னர் வந்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் அடிப்படை மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு அரை டன் அளவுக்குக் காய்ந்த இலை வேண்டும். புற்றுச் செல் பிரியும்போது அதன் கதிரை இந்த இரண்டு மருந்துகளும் முடக்குகின்றன. வின்கிரிஸ்டின் சிலருக்குக் கால் மரத்துப்போவது, பாதம் தொங்குவது போன்ற பக்கவிளைவுகளையும் தருகிறது. முதுகுத்தண்டிலிருந்து கால்வரை ஒரு மீட்டர் நீளும் நரம்புச் செல்கள், நுண்குழல் வழியே சரக்கு போனால்தான் நுனியை உயிரோடு வைத்திருக்க முடியும். அவை பிரிவதில்லை, இருந்தும் நுண்குழலின்றிப் பிழைப்பதில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். நித்தியகல்யாணி மருந்து குழல் கட்டுவதைத் தடுக்கிறது. யூ மரப்பட்டையிலிருந்து வரும் டாக்சால் அதற்கு எதிரானது. கட்டிய குழல் கலையாமல் அதை உறையவைக்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் குழு 1979இல் காட்டியது. இரண்டும் புற்றுச் செல்லைக் கொல்கின்றன. சட்டகம் இல்லாத செல்லும் சாகிறது. கலையாத சட்டகம் கொண்ட செல்லும் சாகிறது. நிலையாமை சட்டகத்தின் குறையல்ல, அதன் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒரே ஓர் அமினோ அமிலம்

ஒரே இலக்கைத் திரும்பத் திரும்ப அடித்தால், அந்த இலக்கு மாறிக்கொள்ளும். ஆட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழுவில், பீட்டா டியூபுலினின் 200ஆம் இடத்திலுள்ள ஃபீனைல் அலனின் டைரோசினாக மாறினால் போதும். அல்பென்டசோல் வகை மருந்துகள் பலிப்பதில்லை என்று 1994இல் தெரியவந்தது. தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் இந்த எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. அதே 200ஆம் இடத்து மாற்றம், கார்பென்டசிம் வகைக்கு அடங்காத பூஞ்சைகள் சிலவற்றிலும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில், கேழ்வரகின் காட்டு உறவான புல்லொன்று, ஆல்ஃபா டியூபுலினின் 239ஆம் இடத்தை மாற்றிக்கொண்டு பென்டிமெத்தலின் குடும்பத்துக் களைக்கொல்லிகளிலிருந்து தப்பியது. புழு, பூஞ்சை, புல் மூன்றும் தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்திருக்கின்றன: குழல் கட்டும் வேலை கெடாமல், மருந்து ஒட்டும் இடம் மட்டும் மாறுகிறது. எந்த மருந்தையும் ஆண்டுதோறும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளக் கூடாது, வகை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்களும் வேளாண் அலுவலர்களும் சொல்வதன் அடிப்படை இதுதான்.

சட்டகத்தின் இந்தக் கதையில் கருங்கண்ணி பற்றியும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. அதன் இழை குட்டையாக இருப்பதற்குச் சட்டகம் பலவீனமானது என்று பொருளில்லை. இழை நீளும் காலமும் வேகமும் இனத்துக்கு இனம் மாறுகின்றன. நீண்ட இழை தரும் இனங்களில் குறுக்கு வரிசை சரிவுச் சுருளாகத் திரும்புவது தாமதமாகிறது. ஆகவே, வறட்சி தாங்கும் கரிசல் பருத்தியில் நீளத்தைத் தேடும் பயிர்ப்பெருக்குநர் கவனிக்க வேண்டியது அந்தத் திருப்பம் நிகழும் நாளை. அதைச் சில நாள் தள்ளிப்போடும் மரபணுக் கலப்பு நீளத்தைத் தரலாம். ஆனால் தை மாதத்துக்குப் பிறகு ஈரம் வேகமாக வற்றும் காட்டில், தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் தடிக்கும் கட்டத்தை மேலும் வறண்ட மண்ணுக்குள் தள்ளும். நீண்டும் முதிராத பஞ்சு யாருக்கும் உதவாது. பண்ணைக்குட்டையில் தேங்கிய மழைநீரை ஒரே ஒரு தடவை பாய்ச்ச முடியுமென்றால், அதைப் பூத்த முதல் மூன்று வாரத்தில் கொடுப்பதா அடுத்த மூன்று வாரத்தில் கொடுப்பதா என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம். கோவில்பட்டி நிலையம் போன்ற இடங்களில் வயல் சோதனையும் நுண்ணோக்கியும் சேர்ந்து விடை தேட வேண்டிய கேள்வி இது. நீளத்தை மட்டும் பார்த்து விலை சொல்லும் சந்தை, அந்த விடைக்குக் காத்திருக்கும் மானாவாரி விவசாயிக்கு முதிர்ச்சிக்கும் சேர்த்து விலை தரத் தொடங்கினால்தான் அந்த ஆராய்ச்சிக்குப் பொருள் உண்டு.